உன் வெள்ளைச் சுவரைக் கொத்துகிறோம், அண்ணே

என் அருமை அண்ணன் தவமணிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போனேன். கேட்டு என்ன ஆகப்போகிறது? போன இடத்தில் உப்பில்லாத கஞ்சி கொடுக்கமாட்டார்கள் என்று மட்டும் நம்புகிறேன். கடைசி நாலு மாதம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய்.

வில்லாபுரத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கு வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது, படுத்தால் எந்தப் பக்கமும் தோதில்லை. ஏன் வலிக்கிறது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் கோபப்படுவாய். படு. நீ போய் ஏழு மாதமாகிறது, ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போனாலும் எனக்குத் தேவலைதான்.

நீ கடைசியாகப் பூசிய பழைய கலங்கரை விளக்கத்தை நாங்கள் உளியால் கொத்திக்கொண்டிருக்கிறோம். உன் வெள்ளையின் மேல் மூன்று சிவப்புப் பட்டை வரப்போகிறது. கொத்தச் சொன்னது நான். முதல் அடி அடித்ததும் நான்.

இந்தக் கடிதத்தை வேறு நாலு பேரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மதுரை ஆனையூரில் சுண்ணாம்புக் குழி வெட்டி, நாள்கணக்கில் ஊறவைத்து, பழைய வீடுகளுக்கும் கோயில் மதிலுக்கும் பூச்சு வேலை எடுத்துப் பிழைத்தவர்கள் நாம். கலவைக்கும் கரண்டிக்கும் நீ, அளவுக்கும் படத்துக்கும் எழுத்து வேலைக்கும் நான். பசுமலையில் ஒரு பழைய விடுதிக் கட்டடத்துக்கு நீ போட்ட பூச்சைப் பார்த்துவிட்டுத்தான் கலங்கரை விளக்கத் துறை அதிகாரி ஒருவர் நம்மைக் கூப்பிட்டார். ராமநாதபுரம் தாண்டி, பஸ் போய் நிற்கிற கடைசி ஊரில் ஒரு பழைய கலங்கரை விளக்கம், விளக்கு அணைந்து ரொம்ப வருடமாகிவிட்டது, பக்கத்தில் இரும்புக் கோபுரம் வைத்து அதில்தான் இப்போது வெளிச்சம், பழையது சும்மா நிற்கிறது, புராதனக் கட்டடம் என்று பழுது பார்க்கிறோம், வருகிறீர்களா என்றார். நீ என்னைப் பார்த்தாய். "சும்மா நிக்கிறதுக்கு இம்புட்டுச் செலவா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு அன்றைக்கே சம்மதம் சொல்லியும் விட்டாய்.

முதல் நாள் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சிமெண்டை அப்பி அப்பி உடம்பெல்லாம் வெடிப்பு. உப்புக்காற்று தின்று செங்கல் பல் இளித்தது. கடல் பக்கம் மட்டும் மங்கிப்போன சிவப்பு, மூன்று இடத்தில் அகலமாகச் சுற்றி வந்து, கரைப் பக்கம் வரும்போது காணாமல் போயிருந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்து நீ சிரித்தாய். "ஏத்தா பூங்கொடி, எவனோ நம்ம ஊர்க்காரன் இங்கன வந்துருக்கான் பாரு. கோயில் மதிலுன்னு நெனச்சுக் காவிப்பட்டை அடிச்சுட்டுப் போயிட்டான்."

நானும் சிரித்தேன். நம்மோடு வேலைக்கு வந்த கருப்பையா அண்ணனும் சிரித்தார். மதுரைக்காரனுக்குச் சுவரில் சிவப்புப் பட்டை என்றால் வேறு என்ன தோன்றும்? வெள்ளையும் காவியும் மாறி மாறி அடித்திருந்தால் கோயில், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்து போகிற பழக்கம் நமக்கு. கோயில் இல்லாத இடத்தில் பட்டை இருந்தால் அது எவனோ செய்த கிறுக்கு வேலை. அதிகாரி கொடுத்த வேலைக் காகிதத்தில் 'வெளிப்பூச்சு, சுண்ணாம்பு, முன்பிருந்தபடி' என்று இருந்தது. முன்பு எப்படி இருந்தது என்று அந்த ஊரில் ஒருத்தரைக்கூட நாம் கேட்கவில்லை. கடலில் போகிற ஆட்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டோம். அதுதான் நம் புத்தி.

சுரண்டினோம். சிமெண்டோடு சிவப்பும் போயிற்று. ஆனையூர்க் குழியிலிருந்து சுண்ணாம்பு டிரம் டிரம்மாகக் குட்டி யானை வண்டியில் போனது. கடுக்காய் ஊறல், கருப்பட்டித் தண்ணீர், பொடி மணல். உப்புக்காற்றில் வேகமாகக் காய்ந்துவிடும் என்று நீ ஈரச்சாக்கு கட்டிக் கட்டிப் பூசினாய். கடைசிப் பூச்சை ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாய். வயிற்றில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும், ஊசி போட்ட மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்து தேய்த்தாயே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சொன்னால் கேட்டாயா? "வீட்டுல படுத்தா மட்டும் கட்டி கரைஞ்சிரவா போகுது?" என்று மதினியிடமே கேட்டவன் நீ.

உண்மையைச் சொல்கிறேன், அண்ணே. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. கை வைத்தால் வழுக்கியது. கிட்டே நின்றால் சேலையின் நிறம் அதில் லேசாகத் தெரிந்தது.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்லப்போவதை உன்னிடமிருந்து நான் மறைத்தேன்.

நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம் அது. சாரம் பிரிக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அந்த ஊர்ச் சேவியர், அதுதான், நமக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பாரே, வள்ளத்தில் போகிறவர், அவர் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, சிவப்பு எப்ப அடிப்பீக?"

"எந்தச் சிவப்பு?"

"லைட் ஹவுசுல மூணு பட்டை இருந்துச்சுல்ல. எங்களுக்குப் பகல்ல அதுதானக்கா அடையாளம். உள்ள ரெண்டு பாறை கெடக்கு, தண்ணிக்கு மேல தெரியாது. நடுப்பட்டை அந்தப் பனைக்கூட்டத்துக்கு நேரா வந்தா வழி சரி. விலகிப்போனா பாறை. இப்ப நீங்க சாரத்தைச் சுத்திக் கட்டியிருக்க பச்சை வலைய வச்சுத்தான் வந்துக்கிட்டிருக்கோம்."

விளக்கு அணைந்தால் அந்தக் கோபுரத்துக்கு வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைத்தோம். அது பகல் முழுக்க வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. "செல்லுல மேப்பு பார்க்க மாட்டீங்களா?" என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன் பார், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "பெரிய போட்டுல மிசினு இருக்கு. எங்களுக்குக் கண்ணுதானக்கா" என்றார்.

உன்னிடம் சொல்லத்தான் அன்றைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாசகம் தயார் பண்ணினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால், நீ கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கருப்பையா அண்ணன் அனுப்பிய படத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று மதினி கண்ணைக் காட்டினாள். நீ என்னைப் பார்த்ததும் செல்லைத் திருப்பிக் காட்டினாய்.

"எப்புடி?"

"நல்லாருக்குண்ணே."

"இனிமே இதுமேல ஒரு பிரஷ்சு படக்கூடாது. பாத்துக்க."

"சரிண்ணே."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லியிருந்தால் நீ எழுந்து உட்கார்ந்து காவி கலக்கச் சொல்லியிருப்பாயா, இல்லை அந்த முகம் அப்படியே வாடி, வாடின முகத்தோடு போயிருப்பாயா? ஏழு மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். நீதான் சொல்ல வேண்டும், நீ இல்லை.

ஒன்பது நாளில் போய்விட்டாய். சேவியரிடம் "பாப்போம்" என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையை வைத்து எத்தனை மாதம் ஓட்டலாம் என்று என்னிடம்தான் கேட்க வேண்டும். சாரம் பிரித்தார்கள். பச்சை வலை இறங்கியது. அதிகாரிகள் வந்து தடவிப் பார்த்து, மதுரைக்காரர்கள் மதுரைக்காரர்கள்தான் என்றார்கள். உன் வெள்ளைக் கோபுரத்தின் படத்தை மதினி பெரிதாகப் போட்டுச் சட்டமடித்து, மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நான் போகும்போதெல்லாம் இரண்டையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் சேவியரின் வள்ளம் பாறையில் ஏறிவிட்டது.

புயலும் இல்லை, மழையும் இல்லை. மத்தியான நேரம், மூட்டமாக இருந்திருக்கிறது. கூட ஒருவர் இருந்தார், நீந்திக் கரையேறிவிட்டார். சேவியருக்கு இடது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்துவிட்டது. வள்ளம் இரண்டாகப் போய்விட்டது. கருப்பையா அண்ணன் போனில் சொன்னபோது நான் மாட்டுத்தாவணியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பையை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் சாயங்காலம்தான் போன் போட்டுக் கேட்டார்கள், காய் எங்கே என்று.

அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால் திரும்பி வந்து தூங்கியிருப்பேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணுக்குத் தெரியலக்கா, அம்புட்டுத்தான்" என்றார். அவர் வீட்டம்மா மட்டும் வாசலில் மீன் கழுவிக்கொண்டே, யாரையோ சொல்வதுபோல, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள். எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வேறொருவர் வள்ளத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒடிந்த கையோடு சேவியரும் வந்தார். ரொம்பத் தூரம் போன பிறகு மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். வானம் சாம்பல் வெள்ளை. அதற்குக் கீழே மணல் வெள்ளை. நடுவில் பனைமரங்கள் மட்டும் கறுப்பாக, நெடுக. உன் கோபுரத்தை நான் தேடினேன், அண்ணே. பதினான்கு மாதம் அதன் சாரத்தில் ஏறி இறங்கியவள், ஒவ்வொரு படியையும் அளந்து படம் போட்டவள், கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடினேன். காணவில்லை. சேவியர் விரலை நீட்டிக் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். வாந்தி வருகிறதென்று நினைத்து வள்ளக்காரர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். சிவப்பு அடிக்கலாம், ஆனால் முதலில் செய்தது தவறு என்று எழுத்தில் வேண்டும், வேலை செய்தவர் பேரோடு வேண்டும் என்றார்கள். அங்கே ஒரு எழுத்தர், நல்ல மனிதர்தான், "அவருதான் போயிட்டாரேம்மா, அவரு பேரைப் போட்டு எழுதிக் குடுங்க, யாருக்கும் பிரச்சினை இல்ல" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பேனாவை எடுத்து, பூசியவர் தவமணி, அடையாளப் பட்டை பற்றித் தெரிந்த பிறகும் அவரிடம் சொல்லாமல் மறைத்தது பூங்கொடி, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பை எழுதவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

அதைவிடக் கஷ்டம் மதினி. ஆனையூருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் வாயை மூடிக்கொண்டதையும் சேர்த்தே சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை.

"காவி அடிக்கிறதுன்னா அடிச்சுக்க. அதுக்கு எதுக்கு என்கிட்ட வார?"

"அது மேல காவி நிக்காது மதினி. அண்ணன் போட்ட மெருகுல எதுவும் ஒட்டாது. பூரா உளி வச்சுக் கொத்திவிட்டு, அப்புறந்தான் அடிக்கணும்."

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். "அவுக சோறில்லாம நின்னு தேச்ச செவரு அது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். பிறகு, "அந்த ஆளுக்குப் பிள்ளைக எத்தனை?" என்று கேட்டாள். இரண்டு என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டாள். "போய்க் கொத்து. ஆனா எனக்குப் போட்டோ எதுவும் அனுப்பாத. நான் பாக்கமாட்டேன்."

அதோடு சரி. மன்னித்தாளா என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. கிளம்பும்போது டீ கொடுத்தாள். சீனி போட மறந்திருந்தாள், நானும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை மறுபடி சாரம் கட்டினோம். கருப்பையா அண்ணன் உளியைச் சுவரில் வைத்தார், சுத்தியலைத் தூக்கினார், கீழே இறக்கிவிட்டார். "எனக்குக் கை வரலத்தா. வேற ஆளைக் கூப்புடு" என்றார். அறுபது வயது மனிதர், எத்தனை வீட்டை இடித்தவர். உளியை அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஓங்கி அடித்தேன். உளி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு அடி. சுத்தியல் திரும்பி வந்து என் தோளைத்தான் உலுக்கியது. நாலாவது அடியில் கடுகளவு பெயர்ந்தது. பக்கத்தில் நின்ற கருப்பையா அண்ணன், "சண்டாளன், என்னத்தைப் போட்டுப் பூசித் தொலைச்சான்" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு எனக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

ஆறு நாளில் நடுப்பட்டையில் பாதிகூட முடியவில்லை. இரண்டு உளி முனை மழுங்கிவிட்டது. எனக்கு விரல் மடங்கவில்லை, இதைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். கொத்துகிற ஒவ்வொரு அடியிலும் உன் மேல் எரிச்சல் வருகிறது. இம்புட்டு நன்றாக ஏன் பூசினாய்? கொஞ்சம் மோசமாகப் பூசியிருக்கக் கூடாதா? நான் சொல்லாமல் விட்டதற்கு நீ இப்படியா பழிவாங்குவாய்? களைத்துப் போய்விட்டேன், அண்ணே. துக்கத்தில் களைப்பு ஒன்று, இது வேறு ஒன்று.

நாளைக்கு விடிந்ததும் மறுபடி பஸ். ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்றும், கை வலிக்கிறது என்றும், இது என் அண்ணன் கை பட்ட இடம் என்றும் ஒரு சாண் சுவரைக்கூட விடமாட்டேன். அந்தக் கடலிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒருவன் நிமிர்ந்து பார்த்தால் வழி தெரிய வேண்டும். அது தெரிகிற வரைக்கும் உன்னோடு மல்லுக்கட்டுவேன். நீயும் லேசில் விட்டுக்கொடுக்காதே.

உன் வேலையை உடைத்துக்கொண்டிருக்கிற உன் தங்கச்சி,
பூங்கொடி